எண்ணும் எழுத்தும்: ஆர்.பி.ஜி. கேம் எழுதத் தொடங்குபவர்களுக்கு

ரோல் பிளேயிங் கேம், அதாவது ஆட்டக்காரர் ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடும் ஆர்.பி.ஜி., எழுத ஆசைப்படும் பலர் கையில் ஒரு தடித்த நோட்டோடு வருகிறார்கள். அதில் ஒரு கண்டத்தின் வரைபடம் இருக்கும், ஏழு அரச வம்சங்கள் இருக்கும், ஆயிரம் வருடப் போர் இருக்கும். என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. இரண்டு வருடம் எழுதினேன். ஆட்டக்காரர் அந்த உலகத்தில் கால் வைத்ததும் முதலில் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அதில் ஒரு வரி பதில்கூட இல்லை. அந்த நோட்டை மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு அறையை எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இந்த வேலை பிடிபட்டது.

நாவலில் நாயகன் என்ன செய்கிறான் என்பதை எழுத்தாளர் முடிவு செய்கிறார். ஆர்.பி.ஜி.யில் அந்த உரிமை ஆட்டக்காரரிடம் போய்விடுகிறது. உங்களிடம் மிஞ்சுவது மூன்று: அவர் நிற்கும் இடம், அவருக்குக் கிடைக்கும் வாய்ப்புகள், அவர் செய்ததற்கு உலகம் சொல்லும் பதில். இந்த மூன்றையும் எழுத்தால் மட்டும் எழுத முடியாது, எண்ணாலும் எழுத வேண்டும். ஒரு பாத்திரத்துக்கு "பலம் 3" என்று எழுதினால் அதுவும் ஒரு வாக்கியம்தான். வசனத்தை ஒருவர் எழுதி, விதிகளை இன்னொருவர் தனியாக உட்கார்ந்து போட்ட கேம்களை விளையாடிப் பாருங்கள்; தையல் விட்ட இடம் உடனே தெரியும்.

கோடிங் எதுவும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு சின்ன ஆர்.பி.ஜி.யை, அரை மணி நேரம் ஓடக்கூடியதை, காகிதத்தில் எழுதி முடிக்கும் வரைக்கும் உள்ள படிகள் இவை. உதாரணமாகச் சொல்லும் கேம்களின் கதை ரகசியம் சில இடங்களில் உடைபடும்.

படி 1: மூன்று கேம்களைப் பிரித்துப் பாருங்கள்

ஃபால்அவுட் (1997), பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் (1999), டிஸ்கோ எலிசியம் (2019). முதல் இரண்டும் சாதாரணக் கணினியிலேயே ஓடும். பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டு விளையாடுங்கள். ஒவ்வொரு உரையாடலிலும் "இந்த வரி ஏன் எனக்குக் கிடைத்தது?" என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

ஃபால்அவுட்டில் அணுப்போருக்குப் பிறகு மக்கள் நிலவறையில் வாழ்கிறார்கள். நிலவறை 13-இல் தண்ணீரைச் சுத்திகரிக்கும் சிப் பழுதாகிவிடுகிறது. மாற்று சிப் கொண்டுவர 150 நாள் கெடு. இந்த ஓர் எண் எத்தனை பக்க வர்ணனைக்குச் சமம் என்று கவனியுங்கள். வழியில் யாரோ உதவி கேட்டால், "இதற்கு எத்தனை நாள் போகும்?" என்று உங்கள் மனம் தானாகக் கணக்குப் போடும். கதாபாத்திரத்தின் பதற்றம் உங்களுக்கு வந்துவிட்டது. அதே கேமில் புத்தி எண்ணை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கினால், நாயகனால் கோர்வையாகப் பேச முடியாது. முனகல்தான் வரும், எதிரில் இருப்பவர்களும் அதற்கேற்றபடி நடத்துவார்கள். கடைசி எதிரியான மாஸ்டரைச் சுட்டும் வீழ்த்தலாம். அவன் உருவாக்கிய புது இனத்துக்குப் பிள்ளை பிறக்காது என்பதற்கான ஆதாரத்தைத் தேடிக் கொண்டுவந்து காட்டினால், பேசியும் வீழ்த்தலாம். அந்த ஆதாரத்துக்காக நீங்கள் அலைந்த அலைச்சல்தான் அந்தப் பேச்சுக்கு எடை கொடுக்கிறது.

டார்மென்ட்டில் நாயகனுக்குப் பெயர் இல்லை, நினைவு இல்லை, சாவும் இல்லை. பிணவறைப் பலகையில் கண் விழிக்கிறான். செத்தால் பெரும்பாலும் மறுபடி எழுந்துவிடுவான், கேம் முடியாது. மற்ற கேம்களில் சாவு என்பது திரையில் வரும் ஓர் அறிவிப்பு, இங்கே அதுவே கதைப்பொருள். அதில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் சின்ன விஷயம் ஒன்று உண்டு. சில இடங்களில் ஒரே வாக்கியம் பட்டியலில் இரண்டு முறை வரும். ஒன்றின் முன்னால் "உண்மை" என்றும், மற்றதின் முன்னால் "பொய்" என்றும் குறிப்பு இருக்கும். சொல்லப்போகும் சொற்கள் ஒன்றுதான். எந்த மனதோடு சொல்கிறீர்கள் என்பதை மட்டும் கேம் உங்களிடம் கேட்கிறது. இப்படிக் கேட்க நாவலுக்கு வழியே இல்லை.

டிஸ்கோ எலிசியத்தைப் பற்றி அடுத்தடுத்த படிகளில் நிறைய வரும்.

படி 2: வினைச்சொற்களைப் பட்டியல் போடுங்கள்

கதைச் சுருக்கத்துக்கு முன்னால் இதை எழுதுங்கள். உங்கள் கேமில் ஆட்டக்காரர் என்னென்ன செய்யலாம்? நட, பார், கேள், பொய் சொல், காத்திரு, கொடு, ஓடு. ஐந்தாறு போதும்.

2015-இல் டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட அண்டர்டேல், சண்டைத் திரையில் நான்கே பொத்தான்கள் வைத்தது. அடி, ஏதாவது செய், பொருளைப் பயன்படுத்து, இரக்கம் காட்டு. "இரக்கம்" என்ற பொத்தான் எப்போதும் கண்ணில் படுவதால், நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு அடியும் உங்கள் முடிவாகிவிடுகிறது. சாதாரண கேமில் எதிரியைக் கொல்வது பழக்கம். இங்கே அதற்கு நீங்கள் பொறுப்பு. ஒரு வரி போதனை இல்லாமல் ஒரு பொத்தான் அதைச் செய்துவிட்டது.

உங்கள் பட்டியலில் அடிதடி தவிர வேறு வினை இல்லையென்றால், எவ்வளவு நல்ல வசனம் எழுதினாலும் அது அடிதடிக்கு நடுவில் வரும் இடைவேளையாகத்தான் இருக்கும்.

படி 3: எதை எண்ணப் போகிறீர்கள்?

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டம், பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் ஆட்டங்களிலிருந்து வளர்ந்தது. பலம், புத்தி, ஞானம், லாவகம், உடல் உறுதி, ஆளுமை என்ற ஆறு எண்கள் அங்கிருந்து வந்தவை. இன்றைக்கும் புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்த ஆறையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். வேண்டாம். எதை எண்ணுகிறீர்களோ அதுதான் உங்கள் உலகத்தில் மதிப்புள்ளது என்று ஆட்டக்காரர் எடுத்துக்கொள்வார். குடும்பச் சொத்துத் தகராறைப் பற்றிய கேமில் "பலம்" எதற்கு? "மானம்" என்று ஓர் எண் வைத்துப் பாருங்கள். மானம் கூடுதலாக இருந்தால் சில வரிகளைச் சொல்லவே வாய் வராது. அந்த வாய்ப்பு திரையில் மங்கலாகத் தெரியும், அழுத்த முடியாது. அதுவே ஒரு காட்சி.

டிஸ்கோ எலிசியம் இதை எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோனது. எஸ்தோனியாவில் தொடங்கிய ஜா/உம் குழு செய்த கேம் அது. ராபர்ட் குர்விட்ஸ் தலைமையில் எழுதப்பட்டது. அறிவு, மனம், உடல், லாவகம் என்று நான்கு பிரிவு, பிரிவுக்கு ஆறு, மொத்தம் 24 திறன்கள். ஒவ்வொரு திறனும் நாயகனின் தலைக்குள் ஒரு குரலாகப் பேசும். பொது அறிவுத் திறன், கேட்காத நேரத்தில் பயனில்லாத தகவலை அள்ளிக் கொட்டும். போதைக்கு ஏங்கும் திறன் ஒன்று, சிகரெட்டைக் கண்டால் கெஞ்சும். அதிகாரத் திறன், யாராவது நிமிர்ந்து பார்த்தாலே மிரட்டச் சொல்லும். எண் கூடக்கூடக் குரல் அடிக்கடி வரும். அது சொல்வது எல்லாம் சரி என்றும் இல்லை. நாடகத் திறன் முற்றிப்போனால் எல்லோரும் பொய் சொல்வதாகவே தோன்றும். ஆக, அந்த எண் நாயகன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று காட்டும் மதிப்பெண் இல்லை. அவன் தலைக்குள் யார் சத்தமாகப் பேசுகிறார்கள் என்பதன் அளவு அது.

முதல் முயற்சிக்கு மூன்று எண்கள் போதும். கீழே வரும் காட்சிக்கு நான் எடுத்தவை: பேச்சு, கண், பொறுமை. ஒவ்வொன்றும் 1 முதல் 4 வரை. தொடக்கத்தில் ஆட்டக்காரருக்கு மொத்தம் 6 புள்ளி. மூன்றுக்கும் பிரித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் நல்லவராக இருக்க முடியாது என்ற கட்டுப்பாடு இந்த 6-இல்தான் இருக்கிறது.

படி 4: ஒரே ஓர் அறை

இந்தப் படியில்தான் அதிக நேரம் போகும், போகட்டும்.

இரவு பதினொன்றரை. ஒரு சின்ன ஊரின் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறை. ஆட்டக்காரரின் அக்கா மகன் சாயங்காலம் வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியவன். ஒன்பது நாற்பது வண்டியில் ஏறியதை ஒருவர் பார்த்திருக்கிறார். எங்கே இறங்கினான் என்பது கண்டக்டருக்குத்தான் தெரியும். அந்த வண்டிக்கு யார் கண்டக்டர் என்பது டைம் கீப்பர் முன்னால் விரிந்து கிடக்கும் ரிஜிஸ்டரில் இருக்கிறது. அறை அவ்வளவுதான். ஒரு மனிதர், ஒரு மேசை, ஒரு ரிஜிஸ்டர், ஒரு தேவை.

முதலில் அந்த மனிதருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆட்டக்காரர் வருவதற்கு முன்பிருந்தே அவர் ஏதோ செய்துகொண்டிருக்க வேண்டும். இவர் அன்றைய டிரிப் கணக்கைக் கூட்டிக்கொண்டிருக்கிறார், கணக்கு உதைக்கிறது. கேள்விக்குறியைத் தலையில் சுமந்துகொண்டு நாயகனுக்காகவே காத்து நிற்பவர்கள் எந்த உலகத்தையும் பொம்மலாட்டமாக்கிவிடுவார்கள்.

இப்போது வாய்ப்புகள்:

— "அண்ணே, ஒன்பது நாப்பது வண்டிக்கு இன்னைக்கு யாருண்ணே கண்டக்டர்?"

— "ஸ்டேஷன்லேர்ந்து வர்றேன். அந்த ரிஜிஸ்டரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க." (பேச்சு சோதனை: பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும்)

— "பிளாஸ்க் காலியாக் கிடக்கே, டீ வாங்கிட்டு வரட்டுமாண்ணே?" (கண் 2 இருந்தால் மட்டும்)

— ஒன்றும் பேசாமல் பெஞ்சில் உட்காரு. (பொறுமை 2 இருந்தால் மட்டும்)

நான்கும் ஒரே தகவலைத்தான் தேடுகின்றன. ஆனால் நான்கு வேறு மனிதர்கள் பேசும் பேச்சு அவை. நேராகக் கேட்பவர், மிரட்டுபவர், கவனிப்பவர், காத்திருப்பவர். நல்ல வாய்ப்புப் பட்டியலுக்கு என் அளவுகோல் இதுதான்: எழுதியதை மறைத்துக்கொண்டு, "இதைச் சொன்னவர் எப்படிப்பட்டவர்?" என்று கேளுங்கள். இரண்டு வரிகளுக்கு ஒரே பதில் வந்தால் ஒன்றை அடித்துவிடுங்கள். "ஆம்", "சரி", "கட்டாயம் செய்கிறேன்" என்று மூன்று பொத்தான் வைப்பது ஆட்டக்காரரை ஏமாற்றுவது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காலியான பிளாஸ்க் பற்றிய வரி, கண் 1 வைத்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அவர் உலகத்தில் அந்த பிளாஸ்க் இல்லை. எண் எழுத்தாக மாறும் இடம் இதுதான்.

படி 5: தோல்வியை முதலில் எழுதுங்கள்

பேச்சு சோதனைக்கு இரண்டு பகடை போடலாம். இரண்டின் கூட்டுத்தொகையோடு பேச்சு எண்ணைச் சேர்த்து 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி என்று வைப்போம். இரண்டு பகடை மொத்தம் 36 விதமாக விழலாம். பேச்சு 1 என்றால் 9 தேவை; வாய்ப்பு 36-க்கு 10, அதாவது 28 சதவீதம். பேச்சு 2 என்றால் 42 சதவீதம். பேச்சு 3 என்றால் 58. நடுவில் ஒரு புள்ளி கூடினால் 16 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸும், அதன் விதிகளை வைத்து 2023-இல் லாரியன் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3-உம் இருபது முகப் பகடையை உருட்டுகின்றன. அதில் ஒரு புள்ளி எங்கே கூடினாலும் 5 சதவீதம்தான். குணம் பெரிதாகப் பேச வேண்டிய கதைக்கு இரட்டைப் பகடையும், எதுவும் நடக்கலாம் என்ற சாகசத்துக்கு இருபது முகமும் பொருந்தும் என்பது என் அனுபவம். டிஸ்கோ எலிசியமும் இரட்டைப் பகடைதான். இரண்டு ஆறு விழுந்தால் எவ்வளவு கடினமானதும் நடக்கும், இரண்டு ஒன்று விழுந்தால் எவ்வளவு எளிதானதும் சொதப்பும். அதனால் திரையில் வாய்ப்பு 3 சதவீதத்துக்குக் கீழேயும் போகாது, 97-க்கு மேலேயும் போகாது.

சரி, தோற்றால் என்ன? "முடியவில்லை" என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றால், ஆட்டக்காரர் முன்பு சேவ் செய்த இடத்தை லோட் செய்து மறுபடி உருட்டுவார். அவர்மேல் தப்பில்லை. தோல்விக்குள் எதுவும் இல்லையென்றால் அவர் அங்கே ஏன் இருக்க வேண்டும்?

டிஸ்கோ எலிசியம் தொடங்கும்போது நாயகன் குடித்துச் சீரழித்த ஒரு ஹோட்டல் அறையில் கண் விழிக்கிறான். சுழலும் மின்விசிறியில் அவன் டை தொங்குகிறது. உடல் எண்ணை மிகக் குறைவாக வைத்திருந்தால், அந்த டையை எடுக்கும் முயற்சியிலேயே மாரடைப்பு வந்து ஆட்டம் முடிந்துவிடலாம். முதல் ஐந்து நிமிடத்திலேயே "இந்த உடம்பு இந்த நிலையில் இருக்கிறது" என்று கேம் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் தோல்விகள் பெரும்பாலும் கதவை மூடுவதில்லை. அவமானம் வரும், புது உரையாடல் வரும், பக்கத்தில் நிற்கும் கூட்டாளி கிம் கிட்சுராகி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே தோற்றவற்றை அப்படியே விட்டுவிட்டு நான் முன்னால் போயிருக்கிறேன். சோதனைகளும் இரண்டு வகை. வெள்ளை நிறம் என்றால், திறனில் ஒரு புள்ளி கூட்டிக்கொண்டோ, வேறு தடயம் கிடைத்த பிறகோ மறுபடி முயலலாம். சிவப்பு என்றால் ஒரே தடவை. வாழ்க்கையில் எதைத் திரும்ப முயலலாம், எது ஒருமுறை விட்டால் போனது என்பதை இரண்டு நிறங்களால் பிரித்துவிட்டார்கள்.

நம் டைம் கீப்பரிடம் திரும்புவோம். போலீஸ் என்று சொன்ன பொய் எடுபடவில்லை. பேனாவைக் கீழே வைக்கிறார். உங்கள் ரப்பர் செருப்பைப் பார்க்கிறார். "எந்த ஸ்டேஷன்?" பதில் வருவதற்குள் ரிஜிஸ்டரை மூடிவிடுகிறார். "நாளைக்குக் காலைல பிராஞ்ச் மேனேஜர் ஆபீஸ்ல வந்து கேளுங்க சார்."

வெளியே வந்தால் டீக்கடைக்காரர் மெல்ல அருகில் வருகிறார். "நீங்க போலீஸுன்னு உள்ள பேசிக்கிட்டாங்களே... எனக்கு ஒரு பிரச்சினை இருக்குங்க." இப்போது ஆட்டக்காரர் முன்னால் வேறொரு கதவு திறந்திருக்கிறது, அது அவருடைய பொய்யால் திறந்த கதவு. மேலே போவதற்கு அவர் அந்தப் பொய்யைத் தொடர வேண்டும், அல்லது இந்த மனிதரிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும். தோல்வி புதுக் காட்சியாகிவிட்டது. வெற்றிப் பாதையை எழுதுவதற்கு முன்னால் இதை எழுதுங்கள், ஏனென்றால் வெற்றி எப்படியும் எழுதப்பட்டுவிடும்.

படி 6: தமிழ் தரும் கருவிகள்

பெரும்பாலோர் ஆங்கிலத்தில் யோசித்து எழுதிவிட்டுக் கடைசியில் மொழிபெயர்க்கிறார்கள். அப்படிச் செய்யும்போது கையில் இருக்கும் பொக்கிஷம் கை நழுவிப்போகிறது.

மேலே டைம் கீப்பர் கடைசியாகச் சொன்ன வரியில் "சார்" என்றார். ஆட்டக்காரர் நேராகக் கேட்டிருந்தால் அதே மனிதர் "எதுக்குத் தம்பி கேக்குற?" என்றிருப்பார். டீ வாங்கிக் கொடுத்திருந்தால், "உக்காருப்பா" என்றிருப்பார். "தம்பி"யிலிருந்து "சார்" ஆனது மரியாதை கூடியதால் அல்ல, கதவைச் சாத்திவிட்டார். மற்ற கேம்களில் ஒருவருக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா என்று காட்ட இதயக் குறியோ அளவுக்கோடோ வைக்கிறார்கள். தமிழில் நீ, நீங்க, தம்பி, சார், அண்ணே, யோவ் போதும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் "உறவு" என்று ஒரு மறைவான எண் வையுங்கள். அந்த எண் மாறும்போது விளிச்சொல் மாறட்டும், திரையில் வேறு எதையும் காட்டாதீர்கள். தமிழ் காது அதைத் தவறவே விடாது.

இன்னும் நுட்பமானது "நாங்க", "நாம". வழித்துணையாக வரும் பாத்திரம் ஆரம்பத்தில் "நாங்க அப்படியே ஊருக்குப் போயிருவோம்" என்று தன் ஆட்களோடு சேர்த்து உங்களை வெளியே வைத்துப் பேசட்டும். மூன்று காட்சி கழித்து, எந்த விளக்கமும் இல்லாமல், "நாம ஊருக்குப் போயிருவோம்" என்று சொல்லட்டும். அந்த ஒரு சொல் மாற்றத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தி வேண்டும்.

ஆட்டக்காரர் ஆணா பெண்ணா என்பதிலும் தமிழ் கைகொடுக்கும். "நான் வந்தேன்", "நீ வந்தாய்" இரண்டிலும் பால் தெரியாது. விவரிப்பை முன்னிலையில் வைத்துக்கொண்டால் ஒரே பிரதி எல்லோருக்கும் பொருந்தும். மற்றவர்கள் அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசும் இடங்களிலும், தம்பி, தங்கச்சி போன்ற விளிகளிலும் மட்டும் இரண்டு வடிவம் எழுத வேண்டியிருக்கும். தொடக்கத்திலேயே அவற்றைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுவழக்கை ஒரு வட்டாரத்தில் நிறுத்துங்கள். ஒரே ஆள் ஒரு வரியில் "வர்றேன்", அடுத்த வரியில் "வாறேன்" என்று சொன்னால் அந்த ஆள் கரைந்துவிடுவார். விவரிப்பு எழுத்துத் தமிழில் இருக்கட்டும்.

படி 7: கிளை பிரியட்டும், மறுபடி சேரட்டும்

பத்து இடங்களில் இரண்டிரண்டு வாய்ப்பு வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை எழுதினால் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். யாராலும் முடியாது. ஆகவே முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருவதுபோல் எழுதுங்கள். நடுவில் ஒரு தீவு இருக்கிறது. எந்தக் கரை வழியாக வந்தாலும் கல்லணைக்கு வருவார்கள், ஆனால் எந்தக் கரையில் வந்தார்கள் என்பதைக் கதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

நினைவு என்பது சின்னக் குறிப்புகள்தான். "போலீஸ் பொய் சொன்னார்: ஆம்." "டீ வாங்கிக் கொடுத்தார்: இல்லை." காட்சிக்கு இரண்டு குறிப்புக்கு மேல் வேண்டாம். ஆனால் வைத்த ஒவ்வொரு குறிப்பையும் பின்னால் குறைந்தது ஒரு இடத்திலாவது கேட்டாக வேண்டும். விடிகாலையில் ஆட்டக்காரர் கண்டக்டர் வீட்டை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். போலீஸ் பொய் "ஆம்" என்றால், டைம் கீப்பர் முன்பே போன் செய்து எச்சரித்திருப்பார். கண்டக்டர் கதவைத் திறக்க மாட்டார், பின்பக்கம் கொல்லையில் செருப்புச் சத்தம் கேட்கும். "இல்லை" என்றால் அவரே வாசலில் நிற்பார்.

விளைவை உடனே கொடுக்காமல் தள்ளி வைப்பதில் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனத்தார் கெட்டிக்காரர்கள். 2015-இல் வந்த தி விட்சர் 3-இல் வெலன் பகுதியில் பிளடி பாரன் என்ற குறுநில ஆள் வருகிறான். குடித்துவிட்டு மனைவியை அடித்தவன், இப்போது அவளையும் மகளையும் தேடி அழுகிறவன். நடுவில், ஒரு மலைமேட்டு மரத்தடியில் அடைபட்ட ஆவி ஒன்று, தன்னை விடுவித்தால் அனாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறது. விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் பாரனின் மனைவி சாகிறாள், அவன் தூக்கில் தொங்குகிறான். அழித்தால் மனைவி உயிரோடு மனம் பேதலித்துக் கிடக்கிறாள், குழந்தைகள் போய்விடுகிறார்கள். முடிவெடுக்கும் நேரத்தில் மரத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இருக்கும் முடிச்சு உங்களுக்குத் தெரியாது. தெரியவரும்போது சேவ் செய்த இடம் வெகுதூரம் பின்னால் போயிருக்கும். நல்லவன் புள்ளி, கெட்டவன் புள்ளி என்று கணக்கு வைக்கும் கேம்கள் எதிலும் எனக்கு இப்படி ஒரு இரவு தூக்கம் போனதில்லை. அந்தப் புள்ளிக் கணக்கை உங்கள் கேமில் வைக்காதீர்கள். ஆட்டக்காரர் மனசாட்சியைக் கேட்பதை நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

படி 8: வெட்டுங்கள்

டார்மென்ட்டில் சுமார் 8 லட்சம் சொற்கள், டிஸ்கோ எலிசியத்தில் சுமார் 10 லட்சம் என்கிறார்கள். இதைக் கேட்டுப் புதியவர்கள் நீளமாக எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். டிஸ்கோவைத் திறந்து ஒரு தடவையில் திரையில் எவ்வளவு வருகிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாக்கியம், பிறகு ஒரு குரல் குறுக்கிடும், பிறகு நீங்கள் ஏதாவது அழுத்துவீர்கள். மொத்தம்தான் கடல், ஒரு வாய்க்கு ஒரு மடக்குதான் தருகிறார்கள். ஆட்டக்காரர் எதையும் தேர்ந்தெடுக்காமல் 60 சொற்களுக்கு மேல் படிக்க நேர்ந்தால், அங்கே வெட்டுங்கள் அல்லது ஒரு வாய்ப்பை நுழைத்துவிடுங்கள்.

படி 9: கருவிகள்

ட்வைன் இலவசம், பிரவுசரிலேயே எழுதலாம், காட்சிகளைப் பெட்டி பெட்டியாக இழுத்துக் கோடு போட்டு இணைக்கலாம். நிபந்தனைகளும் குறிப்புகளும் பெருகும்போது இங்க் என்ற எழுத்து மொழிக்கு மாறலாம், இங்கிள் நிறுவனம் அதையும் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. வரைபடம், நடமாட்டம் எல்லாம் வேண்டுமென்றால் கோடோ என்ற கேம் என்ஜின், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருள்.

கேம் என்ஜின்களில் தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். சில என்ஜின்களில் கொம்பு தன் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கொ" உடைந்து மூன்று துண்டாகும். வேலையைத் தொடங்கும் முதல் நாளே "கொக்கு, கௌதாரி, தூது, ஸ்ரீ, க்ஷணம்" என்று ஒரு வரி போட்டுச் சோதியுங்கள். கோடோ 4-இல் எழுத்து சரியாகக் கூடும். பிரவுசரில் ஓடுபவற்றில் பிரச்சினை இல்லை. பொத்தான்களின் அகலத்தை முதலிலிருந்தே தாராளமாக வையுங்கள். நம் சொற்கள் நீளமானவை, ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் "தேர்ந்தெடுக்கவும்" அடங்காது.

படி 10: கணினிக்கு முன்னால் ஒரு மனிதர்

கருவியைத் திறப்பதற்கு முன்னால் காகிதத்தில் ஆடுங்கள். டிஸ்கோ எலிசியத்தின் உலகமே நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிய ஆட்டங்களில் வளர்ந்ததுதான். ஒரு நண்பரை எதிரில் உட்கார வையுங்கள், கேமே விளையாடாதவர் என்றால் இன்னும் நல்லது. டைம் கீப்பராக நீங்கள் பேசுங்கள். வாய்ப்புகளைக் காட்டாதீர்கள், "என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இந்தக் காட்சியை என் சித்தியிடம் ஆடிப் பார்த்தேன். அவர் பொய்யும் சொல்லவில்லை, டீயும் வாங்கவில்லை. "அந்தக் கணக்கைக் குடுங்க, நான் கூட்டித் தர்றேன்" என்றார். டைம் கீப்பரின் கணக்கு உதைக்கிறது என்று எழுதியவன் நான்தான். அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே அது ஐந்தாவது வாய்ப்பானது. கணக்கைக் கூட்டும் சாக்கில் ரிஜிஸ்டர் தானாகக் கைக்கு வருகிறது, ஒன்பது நாற்பது வண்டிக்கு நேரே பெயரும் இருக்கிறது. அதை ஓரக்கண்ணால் படித்துக்கொள்வதா, கூட்டி முடித்துவிட்டு அவரிடமே கேட்பதா என்று இப்போது அங்கே இரண்டு வரிகள் வைத்திருக்கிறேன்.

மூன்று பேரிடம் இப்படி ஆடிவிட்டு, அவர்கள் சொன்னதையும் நீங்கள் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பேர் கேட்டு உங்கள் பட்டியலில் இல்லாததைச் சேருங்கள். ஒருவர்கூடத் தொடாததை எடுத்துவிடுங்கள். பிறகு ட்வைனைத் திறந்து, முதல் பெட்டிக்கு "டைம் கீப்பர் அறை, 11.30" என்று பெயர் வையுங்கள்.